சோளகம் கொண்டுபோகும் நீர்

மாரி ஓய்ந்து, கிளிநொச்சியின் அக்கராயன் குளம் வான் பாய்வதும் நின்றபின், அவ்வூர்க் கமக்காரர் ஆண்டுதோறும் ஆராயும் விஷயம், நிற்கும் நீர் எத்தனை ஏக்கர் சிறுபோகத்துக்குப் போதும் என்பதே. துருசு வழியே வயலுக்குச் செல்லும் நீரை வாய்க்காலில் அளந்துவிடலாம்; வெயிலும் சோளகக் காற்றும் கவர்ந்து செல்லும் பங்கோ கண்ணுக்குத் தெரிவதில்லை. நாளொன்றுக்கு ஆறு மில்லிமீற்றர் நீர்மட்டம் ஆவியாய்க் குறைந்தால், ஒரு ஏக்கர் நீர்ப்பரப்பு அன்றைக்கு ஏறக்குறைய 24,000 லீற்றரை இழக்கிறது. முன்னோர் இதனை அநுபவத்தாலேயே மதித்தனர்.

அம்மதிப்புக்குப் பௌதிக சாஸ்திரத்தின் ஆதாரத்தை அளித்தது, இங்கிலாந்தின் ரொதம்ஸ்ரெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ஹோவர்ட் பென்மன் 1948இல் ரோயல் சங்கத்தின் சஞ்சிகையில் பிரசுரித்த ஒரு கட்டுரை. நீர் ஆவியாவதற்கு வேண்டிய உஷ்ணத்தைச் சூரியன் தருகிறது, எழுந்த ஆவியைக் காற்று அகற்றுகிறது என்னும் இரு நெறிகளையும் ஒரே சூத்திரத்துள் இணைத்த அவர், வெப்பநிலை, ஈரப்பதன், காற்றின் வேகம், வெயில் காயும் நேரம் என்னும் நான்கு அளவைகளைக் கொண்டே கணக்கை முடிக்க வழிசெய்தார். அளத்தற்கு அரிதான நீர்மேற்பரப்பின் வெப்பநிலையை அச்சமன்பாட்டிலிருந்து நீக்கியதிலேதான் அவருடைய மேதை விளங்குகிறது என்பது என் துணிபு.

1954இல் ரொதம்ஸ்ரெட்டுக்கு வந்து சேர்ந்த ஸ்கொத்லாந்து இளைஞர் ஜோன் மொன்ரீத்துக்கு அக்கட்டுரை வாழ்நாள் ஆராய்ச்சியின் அஸ்திவாரமாயிற்று. இலைத்துளைகள் நீராவியைத் தடுக்கும் தன்மையை 1965இல் அவர் சூத்திரத்திற் புகுத்தவே, குளத்து நீருக்கு அமைந்த கணக்கு வயலில் நிற்கும் பயிருக்கும் பொருந்திற்று. பிற்காலத்தில் ஐதராபாத்தை அடுத்த இக்ரிசாற் பயிர் ஆராய்ச்சி நிலையத்திலும் அவர் பணியாற்றினார். ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனம் 1998இல் பயிர்நீர்த் தேவைக்கு நியமமாக ஏற்ற முறை பென்மன், மொன்ரீத் என்னும் இருவர் பெயரையும் தாங்குகிறது. ஒருகாலத்தில் அட்டவணைகளைப் புரட்டிக் கைக்கணக்காகச் செய்ததை இன்று கணினி நொடியில் முடிக்கிறது.

குளங்களைத் திட்டமிடுவோருக்கும் நீர்க்கணக்கு வேண்டும்; இலங்கையிலே, நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஏ. ஜே. பி. பொன்ராஜா 1984இல் எழுதிய வழிகாட்டி நூல், சிறு நீரேந்து பரப்புகளில் அமையும் குளங்களைத் திட்டமிடும் முறையைப் பொறியியலாளர்க்கு வகுத்துத் தந்தது. ஆயினும் ஆவியிழப்பைக் கணிக்கும் சூத்திரம் எத்துணைச் செம்மையானதாயினும், தொலைவிலுள்ள நிலையமொன்றின் காற்றையும் வெயிலையும் இரவல் வாங்கிக் கணித்தால், விடையில் அக்கராயனின் சோளகம் இராது. சிறுபோகக் கூட்டத்தில் ஏக்கர்க் கணக்குத் தீர்மானிக்கப்படுமுன், அக்குளக்கட்டருகே நாடோறும் பதிந்த அளவைகள் கமக்காரர் முன்னே வைக்கப்படுதல் வேண்டும். அவற்றைக் கேட்டுப் பெறும் உரிமை அவர்களுக்கு உண்டு.