பத்து வட்டங்களில் எத்தனை?

வயிற்றைத் திறந்து பார்க்கிறார் மருத்துவர். கர்ப்பப்பையின் பக்கவாட்டிலிருந்து கருஞ்சிவப்பாய், கொத்துக்கொத்தாய் ஏதோ வெளியே வளர்ந்திருக்கிறது. பிரசவத்துக்குப் பின் விழும் நஞ்சுக்கொடி மாதிரியே இருக்கிறது. ஆனால் அந்தப் பெண் கர்ப்பமாக இல்லை. புற்றுநோய் என்றுதான் யாருக்கும் தோன்றும். இப்படிப்பட்ட நான்கு பேரின் கட்டிகளை 1996இல் ராத், ரீட், ஸ்டெர்ன்பெர்க் ஆகிய நோயியல் நிபுணர்கள் கட்டுரையாக எழுதினார்கள். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், சாதாரண ஃபைப்ராய்டில் இருக்கிற அதே தசைச் செல்கள்தான். இன்று அதை ஸ்டெர்ன்பெர்க் கட்டி என்கிறார்கள்.

சரி, அப்போ கண்ணை விட்டுவிட்டு மைக்ரோஸ்கோப்பை நம்பிவிடலாமா? 1939இல் ஸ்டெய்னர் பதிவுசெய்த பெண்ணுக்கு வயது 36. கர்ப்பப்பைக் கட்டி நுரையீரல் முழுக்கப் பரவி, அதன் சுமையில் இதயம் தளர்ந்து இறந்துபோனார். செல்களோ பார்க்கப் பரம சாதுவாக இருந்தன. இந்த வகைக்கு இன்றுள்ள பெயரைத் தமிழில் சொன்னால் ‘பரவுகிற தீங்கற்ற கட்டி’. பெயருக்குள்ளேயே சண்டை.

இந்தக் குழப்பத்துக்கு ஒரு எண் வேண்டியிருந்தது. செல்கள் எத்தனை இடத்தில் பிளந்துகொண்டிருக்கின்றன என்று எண்ணுவதே நல்ல அளவுகோல் என்று 1966இல் டெய்லரும் நாரிஸும் வாதிட்டார்கள். மைக்ரோஸ்கோப்பில் தெரியும் வட்டங்களில் பத்தை எடுத்துக்கொண்டு எண்ண வேண்டும். பத்துப் பிளவுக்கு மேல் போனால் சார்கோமா, அதாவது புற்று. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வட்டத்தின் பரப்பு மைக்ரோஸ்கோப்புக்கு மைக்ரோஸ்கோப் மாறும்! யூனிட் இல்லாத எண்ணை வைத்து நான் ஒரு இஃப் கண்டிஷன் எழுதினால் கோட் ரிவ்யூவில் உயிரோடு விடமாட்டார்கள்.

அதைவிடப் பெரிய சிக்கல் இன்னொன்று. இளம்பெண்களின் சாதாரண ஃபைப்ராய்டிலேயே, மாதவிடாய்ச் சுழற்சியின் பின்பாதியில் செல்பிளவு கூடும். ஒரு ஓவரான எண்ணிக்கை, ஒரு தவறான ‘சார்கோமா’, போயிற்று கர்ப்பப்பை. குழந்தை வேண்டும் என்று காத்திருந்தவளாக இருந்தால்?

1994இல் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த பெல், கெம்ப்சன், ஹென்ட்ரிக்சன் 213 கட்டிகளை எடுத்துப் பார்த்தார்கள். எண்ணிக்கை மட்டும் போதாது. உட்கருக்களின் கோணல், கட்டிச் செல்கள் கூட்டமாகச் செத்துப்போன திட்டுகள், இவற்றையும் சேர்த்துப் பார்க்கவேண்டும் என்றார்கள். மற்ற இரண்டும் இல்லாமல் பிளவு மட்டும் கூடியிருந்த கட்டிகள் சாதுவாகவே நடந்துகொண்டன. ஆனால் அந்தச் செத்த திட்டு புற்றால் வந்ததா, வெறும் ரத்த ஓட்டம் நின்றதால் வந்ததா என்பதில் நிபுணர்களே இன்றும் முரண்படுகிறார்கள். எதிலும் சேராதவற்றுக்கு ‘ஸ்டம்ப்’ என்று தனிப்பெட்டி வைத்திருக்கிறார்கள்: வருங்காலம் நிச்சயமில்லாத தசைக்கட்டி. ‘தெரியவில்லை’ என்பதற்கு ஒரு அதிகாரப்பூர்வமான பெயர். எனக்கு அது பிடித்திருக்கிறது. ஆனால் ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவள் நான் இல்லை.

ஆபரேஷன் மேசையில் நேரமும் குறைவு. துணுக்கை உறையவைத்து, சீவி, சாயமேற்றிப் பார்த்துச் சில நிமிடங்களில் சொல்லியாக வேண்டும். அவள் மயக்கத்தில் இருக்கிறாள். ஸ்டெர்ன்பெர்க் கட்டி என்ற பெயர் அந்த அறையில் யாருக்காவது நினைவிருக்க வேண்டும். பின்னாளில் வெளியான சில மருத்துவ அறிக்கைகளில், கொத்தை மட்டும் வெட்டியெடுத்துவிட்டுக் கர்ப்பப்பையை விட்டுவைத்திருக்கிறார்கள்.