கருப்பட்டி வட்டும் கம்ப்யூட்டர் வட்டும்

எங்க ஊருக்கு எழுதுறதுக்கு ஒரு பேரு, கூப்பிடுறதுக்கு ஒரு பேரு. பஸ் போர்டுல வத்திராயிருப்பு. கண்டக்டர்கிட்ட டிக்கெட் கேக்கும்போது வத்ராப். இதுல எது சரின்னு யாரும் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. எந்தப் பேரைச் சொன்னாலும் பஸ் அதே ஸ்டாப்லதான் இறக்கிவிடும்.

கம்ப்யூட்டர் சாமான்களுக்கும் இப்படித்தான் ரெண்டு பேரு. பள்ளிக்கூடப் புத்தகத்துல வன்தட்டு, ரிப்பேர் கடையில ஹார்ட் டிஸ்க். புத்தகத்துல நினைவகம், கடையில ராம். ஆனா இங்க ஒரு சிக்கல் இருக்கு. பேரு புரியலைன்னா வேற ஸ்டாப்புல இறங்க வேண்டியிருக்கும். அதைக் கடைசியில சொல்றேன். முதல்ல கொஞ்சம் வரலாறு. (பொட்டி தட்டுறவனுக்கு எதுக்கு வரலாறுன்னு கேக்காதீங்க, பொட்டிக்கும் வரலாறு உண்டு :-) )

1956ல ஐ.பி.எம். கம்பெனி 'ராமாக்' என்ற இயந்திரத்தை வெளியிட்டது. உலகத்துல முதன்முதலா வட்டுல தகவலைச் சேமிச்சு விற்பனைக்கு வந்த கம்ப்யூட்டர் அதுதான். ஒவ்வொண்ணும் 24 அங்குல விட்டம், அப்படி 50 வட்டு ஒரே அச்சுல சுத்தும். எடை ஒரு டன்னுக்கு மேல. இவ்வளவும் சேர்ந்து பிடிச்ச தகவல் 50 லட்சம் எழுத்து. இன்னைக்கு செல்போன்ல எடுக்கிற ரெண்டு போட்டோவுக்குப் பத்தினாப் பெரிசு.

அப்ப அதுக்குப் பேரு வெறும் 'டிஸ்க்'தான், 'ஹார்ட் டிஸ்க்' இல்லை. 1971ல அதே ஐ.பி.எம். வளையுற பிளாஸ்டிக்ல 8 அங்குல ஃப்ளாப்பியைக் கொண்டு வந்துச்சு. அது வந்த பிறகுதான் பழையதைப் பிரிச்சுச் சொல்ல 'ஹார்ட்' ஒட்டிக்கிச்சு. நமக்கு இது புதுசில்லை. பிராய்லர் வர்ற வரைக்கும் கோழி வெறும் கோழிதான். பிராய்லர் வந்ததும் நம்ம வீட்டுக் கோழி நாட்டுக்கோழி ஆயிருச்சு!

தமிழ்ல பேரு வச்சவங்க இதை அப்படியே எடுத்துக்கிட்டாங்க. ஃப்ளாப்பிக்கு நெகிழ்வட்டு, ஹார்ட் டிஸ்க்குக்கு வன்தட்டு, வன்வட்டு, நிலைவட்டுன்னு மூணு பேரு. அங்கதான் எனக்கு ஒரு விஷயம் பிடிச்சிருந்தது. வட்டுங்கிறது அகராதியில உக்காந்து செஞ்ச வார்த்தை இல்லை. சிரட்டையில ஊத்தி எடுத்த கருப்பட்டியை வட்டுன்னுதானே சொல்றோம்? ஐ.சி.க்கு வச்ச சில்லும் அப்படித்தான். உடைஞ்ச ஓட்டாஞ்சில்லு, பாண்டி ஆடுற சில்லு, கடையில வாங்குற சில்லுக்கருப்பட்டி. ஆக, ஒரு கம்ப்யூட்டரைத் திறந்தா உள்ள வட்டும் இருக்கு, சில்லும் இருக்கு. பலசரக்குக் கடைதான் :-)

சரி, மேட்டருக்கு வருவோம். உருவத்தைப் பார்த்து வச்ச பேருக்கு ஆயுசு கம்மி.

ஃப்ளாப்பியையே எடுத்துக்குங்க. 8 அங்குலம் 1976ல அஞ்சேகால் ஆச்சு, 1980கள்ல மூணரை ஆச்சு. அந்த மூணரைக்கு மேல கெட்டி பிளாஸ்டிக் கூடு. கையில எடுத்தா வளையவே வளையாது. உள்ள இருக்கிற படலம்தான் நெகிழும். அப்பவே நெகிழ்வட்டுங்கிற பேரு பாதி பொய். சோனி 2011ல ஃப்ளாப்பி விற்பனையையே நிறுத்திருச்சு. பொருள் போயிருச்சு, 'சேவ்' பண்ற பட்டன் மேல படம் மட்டும் நிக்குது. எங்க செட்டுல நிறைய பேருக்கு ஃப்ளாப்பின்னா அந்தப் படம்தான்.

இன்னொரு மிச்சம், உங்க கம்ப்யூட்டர் ஏன் 'சி' டிரைவ்ல ஆரம்பிக்குது? 1981ல வந்த ஐ.பி.எம். பி.சி.யில ஃப்ளாப்பி மட்டும்தான். ஏ ஒண்ணு, பி ஒண்ணு. 1983ல வந்த எக்ஸ்.டி. மாடல்ல 10 மெகாபைட் ஹார்ட் டிஸ்க் சேர்த்தாங்க, அதுக்கு அடுத்த எழுத்து சி. ஏவும் பியும் செத்து வருஷக்கணக்காச்சு. மூணாவது பிள்ளைக்கு இன்னும் மூணாவது பிள்ளைங்கிற பேரு மாறலை.

இப்ப எஸ்.எஸ்.டி. காலம். உள்ள வட்டும் இல்லை, தட்டும் இல்லை, சுத்துற எதுவுமே இல்லை. சில்லு மட்டும்தான். ஆனாலும் கடையில "எஸ்.எஸ்.டி. ஹார்ட் டிஸ்க் போடட்டுமா சார்?"னுதான் கேக்குறாங்க. இதைத் தமிழ்ல வன்தட்டுன்னு எழுதினா ரெண்டு மடங்கு தப்பு. தட்டே இல்லாததுக்குத் தட்டுன்னு பேரு!

வேலையைப் பார்த்து வச்ச பேரு அப்படி இல்லை. நினைவகம்னு வச்சாங்க. 1960கள்ல அது கம்பியில கோர்த்த காந்த வளையம், இன்னைக்கு அது சில்லு. பேரு மாற வேண்டியிருக்கலை. கணினியும் அப்படித்தான். 'கம்ப்யூட்டர்'ங்கிறது ஒரு காலத்துல மனுஷன் பார்த்த உத்தியோகம். சென்னை பரங்கிமலைப் பக்கம் 1802ல அடிக்கோடு அளந்து ஆரம்பிச்ச சர்வே வளர்ந்து வளர்ந்து இமயமலை வரை போச்சு. அந்த சர்வே இலாகாவுல 1831ல 'கம்ப்யூட்டர்' வேலையில சேர்ந்தவர் ராதாநாத் சிக்தார். எவரெஸ்ட்தான் உலகத்துலயே உசரம்னு 1852ல கணக்குப் போட்டது அவர்தான். கணிக்கிறது மனுஷனா இருந்தாலும் மிஷினா இருந்தாலும் கணின்னு ஆரம்பிக்கிற பேரு பொருந்துது.

நம்ம ஆளுங்க பேரு வைக்க இன்னைக்கு நேத்து உக்காரலை. 1916லயே சேலத்துல ராஜாஜியும் நண்பர்களும் அறிவியல் சொற்களுக்காக ஒரு சங்கம் வச்சாங்க. யுனெஸ்கோ கூரியர் தமிழ்ப் பதிப்பின் ஆசிரியரா இருந்த மணவை முஸ்தபா கணினிச் சொற்களுக்கே தனி அகராதி போட்டார். 1999 பிப்ரவரியில சென்னையில தமிழ்நெட் 99 மாநாடு, 2001ல தமிழ் இணையப் பல்கலைக்கழகம். உழைப்புல குறை சொல்ல முடியாது. கணினி, மென்பொருள், இணையம் எல்லாம் பேப்பர்ல, டிவியில வந்து ஜெயிச்சிருச்சு. அந்த உழைப்பு போய்ச் சேராத இடம் ரிப்பேர் பெஞ்சு.

புழங்கினா வார்த்தை நிக்கும்ங்கிறதுக்கு ஈழத்துத் தமிழ் சாட்சி. அங்க பள்ளிக்கூடத்துல அறிவியல் உட்பட எல்லாமே தமிழ்ல படிக்கலாம். சி.டி.க்கு அவங்க சொல்ற பேரு இறுவட்டு. பாட்டு ஆல்பம் வெளியிட்டா இறுவட்டு வெளியீடுன்னு நோட்டீஸ் அடிப்பாங்க. நாம குறுந்தகடுன்னு எழுதி, சிடின்னு படிச்சோம்.

ரிப்பேர் பெஞ்சுக்குத் தனி அகராதி இருக்கு. மொத்த டப்பாவுக்கும் 'சி.பி.யு.'ன்னு பேரு. நிஜமான சி.பி.யு. உள்ள ஒரு பிஸ்கட் சைசுல இருக்கும். 'டிஸ்ப்ளே வரல'ன்னா மானிட்டர் கெட்டுப்போச்சுன்னு மட்டும் அர்த்தம் இல்லை, ராம் லூசா இருந்தாலும் அதேதான். கழட்டி, பென்சில் ரப்பரால காலைத் தேய்ச்சு, திரும்பச் சொருகினா பாதி கேஸ் சரியாயிரும். பென் டிரைவ் பேனாவும் இல்லை, அதுல ஓடுறதும் எதுவும் இல்லை. தமிழ்ல அதுக்கு அழகா விரலின்னு வச்சாங்க. எங்க பக்கம் கடையில விரலி கேட்டா மஞ்சள்தான் குடுப்பாங்க!

இதெல்லாம் சிரிச்சுட்டுப் போற விஷயம். ஒரு வார்த்தை மட்டும் சிரிக்கிற விஷயம் இல்லை. அது 'ஃபார்மட்'.

"சிஸ்டம் ஸ்லோவா இருக்கு, ஃபார்மட் அடிச்சிரலாமா?"ன்னு கடையில கேக்குறாங்க. "அடிங்க தம்பி, சரியானாச் சரி"ன்னு சொல்லிட்டு வந்த எங்க சொந்தக்கார அக்கா ஒருத்தங்களுக்கு மகளோட சடங்கு போட்டோ, மாமாவோட கடைசி வருஷத்து வீடியோ எல்லாம் போச்சு. கடைக்காரர் பொய் சொல்லலை. அக்காவும் கேட்டுட்டுத்தான் சரின்னாங்க. நடுவுல இருந்த வார்த்தைதான் எதையும் சொல்லலை.

ஃபார்மட்னா அழிக்கிறதுன்னு அர்த்தமே இல்லை. புது வட்டு மொட்டையா இருக்கும். அதுல தடம் போட்டு, தடத்தைத் துண்டு துண்டாப் பிரிச்சாத்தான் எழுத முடியும். நம்ம பாஷையில பாத்தி கட்டுறது. வெத்து வயல்ல பாத்தி கட்டினா ஒண்ணும் போகாது. பயிர் நிக்கிற வயல்ல கட்டினா? இதுக்கு வடிவூட்டம்னு தமிழ்ப் பேரு வச்சாலும் அக்காவுக்கு ஒண்ணும் புரிஞ்சிருக்காது. அதுவும் உருவத்தைத்தான் சொல்லுது, நடக்கப்போறதைச் சொல்லலை.

இன்னொண்ணும் தெரிஞ்சுக்குங்க. பழைய ஹார்ட் டிஸ்க்ல 'குயிக் ஃபார்மட்' அடிச்சா குடோன் மூட்டை அப்படியே இருக்கும், எது எங்க இருக்குன்னு எழுதின நோட்டுதான் கிழியும். மேல புதுசா எதுவும் எழுதாம உடனே நிறுத்தினா மீட்க வாய்ப்பு இருக்கு. எஸ்.எஸ்.டி.யில அந்த வாய்ப்பு ரொம்பக் கம்மி. வேண்டாம்னு சொன்ன இடத்தை அதுவே பின்னால உக்காந்து துடைச்சு வச்சிரும்.

அதனால எனக்குத் தோணுறது இவ்வளவுதான். ஹார்ட் டிஸ்க்கை வன்தட்டுன்னு சொல்றதா வன்வட்டுன்னு சொல்றதான்னு அடிச்சுக்கிறதை விட, எது நடக்கும்னு சொல்ற வார்த்தை முதல்ல கடைக்குப் போகணும். பில்லுல "ஃபார்மட் - ரூ. 500"ன்னு போடுற இடத்துல "உள்ளே இருப்பது எல்லாம் அழியும்"னு ஒரு வரி தமிழ்ல அச்சடிக்க காசு அதிகம் ஆகாது. அது வர்ற வரைக்கும் நாம கேக்கலாம்: "அண்ணே, இதைச் செஞ்சா உள்ள இருக்கிறது இருக்குமா, போகுமா?"

டிஸ்கி: உங்க ஊர் ரிப்பேர் கடையில புழங்குற வார்த்தை எதுவா இருந்தாலும் சொல்லிட்டுப் போங்க. அகராதியில இல்லாததா இருந்தா ரொம்ப சந்தோஷம்.