யார் கேட்ட கேள்வி, யாருடைய வரலாறு?

தமிழில் ஆவணப்படத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் எடுக்கப்பட்ட படங்களின் பட்டியலைத்தான் போடுகிறார்கள். நம்ம சனங்க பக்கமிருந்து எழுதினால், படம் எடுக்க நம் கையில் எதுவும் இல்லாத ஒரு நாளிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. 19.2.1981. தென்காசி வட்டம், மீனாட்சிபுரம். அன்றைக்கு அது திருநெல்வேலி மாவட்டம்; தென்காசி தனி மாவட்டமானது 2019இல்தான்.

அன்று நூற்றுக்கும் மேற்பட்ட தலித் குடும்பங்கள் இசுலாத்தைத் தழுவின. ஊர் ரஹ்மத் நகர் ஆனது. டெல்லி அதிர்ந்தது. உள்துறை இணை அமைச்சர் மக்வானா வந்தார், வாஜ்பாய் வந்தார், பத்திரிகைக்காரர்கள் காமிராவோடு வந்தார்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் பையில் கொண்டுவந்த கேள்வி ஒன்றுதான்: வளைகுடாப் பணம் எவ்வளவு?

எங்க பெரியப்பா ஒருத்தர் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். "ஏலே, எவ்வளவு வாங்குனியன்னு கேக்க அம்புட்டுப் பேரு வந்தாம்லா. டீக்கடையில எந்தக் கிளாசுல குடிச்சியன்னு கேக்க ஒருத்தனும் வரலியே!"

கணக்குப் பார்த்தாலே அந்தக் கேள்வியின் பொய் தெரியும். 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி இசுலாத்துக்குப் போன தலித்துக்குப் பட்டியல் சாதிச் சலுகை கிடையாது. சீக்கியருக்கு 1956இலும் பௌத்தருக்கு 1990இலும் கதவு திறந்தது. இசுலாமியருக்கும் கிறித்தவருக்கும் திறக்கவில்லை. ஆக, போனவர்கள் படிப்பிலும் வேலையிலும் இருந்த இட ஒதுக்கீட்டை விட்டுவிட்டுப் போனார்கள். வாங்கினார்களா, கொடுத்தார்களா? மரியாதைக்கு அவர்கள் கொடுத்த விலை என்று இதை ஏன் எழுதவில்லை?

கேள்வி எவன் கையில் இருக்கிறதோ வரலாறும் அவன் கையில். ஆங்கிலத்தில் ஒன்றிரண்டு ஆய்வு நூல்கள் காரணங்களை விசாரித்தன. ஆனால் பொதுப்புத்தியில் மீனாட்சிபுரம் என்பது 1983இன் விசுவ இந்து பரிஷத் யாத்திரைக்கு முன்னுரை, அவ்வளவுதான். மதம் மாறியவர்கள் தங்கள் கதைக்கே அடிக்குறிப்பாகிப் போனார்கள்.

குற்றாலத்தில் விழுகிற தண்ணீர் சிற்றாறாக ஓடி, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேர்கிறது. அந்தத் தாமிரபரணிக் கரையில், 23.7.1999 அன்று நெல்லையில் நடந்தது வேறு மாதிரி. மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டார்கள். நூற்றுக்கணக்கானவர்களைச் சிறையில் போட்டார்கள். அவர்களை விடுதலை செய்யச் சொல்லிப் போன ஊர்வலத்தில் போலீஸ் தடியடி. ஆற்றுக்குள் விரட்டப்பட்டு 17 பேர் செத்தார்கள், பெண்களும் கைக்குழந்தையும் உட்பட. தண்ணியில மூழ்கிச் செத்தாங்கன்னு கதையை முடிக்கப் பார்த்தார்கள். ஆனால் இந்த முறை கரையில் வீடியோ காமிராக்கள் இருந்தன. தண்ணீருக்குள் நின்றவர்கள் மேல் தடி இறங்குவது பதிவாகியிருந்தது. ஆர்.ஆர். சீனிவாசனின் 'நதியின் மரணம்' அந்தச் சாட்சியத்தை ஊர் ஊராகக் கொண்டுபோனது. கொன்றவர்களுக்குத் தண்டனை கிடைக்கவில்லை. ஆனாலும் 1981போல, இதைப் பற்றி எதை வேண்டுமானாலும் சொல்லிவிட்டுப் போக முடியவில்லை. காமிரா செய்தது இதைத்தான்.

செய்ததற்குத் தொல்லையும் உண்டு. 1952ஆம் ஆண்டு ஒளிப்பதிவுச் சட்டப்படி பொதுத் திரையிடலுக்குத் தணிக்கைச் சான்றிதழ் வேண்டும். குத்துப்பாட்டு ஓடுகிற திருவிழாவில் யாரும் இதைக் கேட்பதில்லை. சேரியில் வேட்டியைத் திரையாகக் கட்டினால் போலீஸ் கேட்கும். மலக்குழி மரணங்களைப் பதிவு செய்த திவ்யபாரதியின் 'கக்கூஸ்' படத்துக்கு 2017இல் பல ஊர்களில் திரையிட அனுமதி மறுத்தார்கள்.

சுயேச்சையாக ஆவணப்படம் எடுக்கிறவன் எப்படிப் பிழைக்கிறான்? என்னைப் போன்றவர்கள் கல்யாண வீடியோ, சடங்கு வீடியோ எடுத்துச் சேர்த்த காசில்தான் படம் எடுக்கிறோம். சீசனில் அருவியைப் படம் பிடிக்கக் காசு கொடுக்க ஆள் உண்டு. அருவிக்கரையில் குப்பை அள்ளுகிற பெண்ணைப் படம் பிடிக்க யாரும் தருவதில்லை. ஒரு தொண்டு நிறுவனம் எனக்குப் பணம் தர முன்வந்தது. நிபந்தனை, பேட்டி கொடுக்கிற அம்மா அழ வேண்டும். அந்த அம்மா அழவில்லை, கோவப்பட்டா. கோவத்துக்கு நிதி கிடையாது என்றார்கள். 1981இல் பணக் கேள்வியோடு வந்தவர்களுக்கும் கண்ணீர் கேட்டு வருகிற இவர்களுக்கும் பெரிய வித்தியாசமில்லை. பதிலை முன்கூட்டியே எழுதி எடுத்துக்கொண்டு வருகிறார்கள்.

நம்ம ஆட்கள் காமிராவைத் தூக்கினால் மட்டும் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லவில்லை. யாரைப் படம் எடுத்தோமோ அவர்கள்தான் முதலில் பார்க்க வேண்டும். 'இதைப் போடாதே' என்று சொல்லும் உரிமை அவர்களுக்கு வேண்டும். படம் அந்தத் தெருவுக்கே திரும்பி வர வேண்டும்.

இன்னொரு அவசரம் இருக்கிறது. தொண்ணூறுகளில் எடுத்த விஎச்எஸ், ஹை-8 கேசட்டுகள் பீரோவிலும் பரணிலும் கிடக்கின்றன. எங்க பக்கம் சாரல் காத்துக்கு நாலு மழைக்காலத்துல டேப்புல பூசணம் புடிச்சிரும். ஓட்டிப் பார்க்கிற மெசினும் அபூர்வமாகிவிட்டது. பேசியவர்களில் பலர் இப்போது உயிரோடு இல்லை. அவர்களுடைய குரல் அந்த நாடாவில் மட்டும்தான் மிச்சம். உங்கள் ஊரில், உங்கள் வீட்டில் அப்படி ஒரு கேசட் இருந்தால் தூசி தட்டி எடுங்கள், கணினிக்கு மாற்றுங்கள். 1981இல் மீனாட்சிபுரத்து மனுசி எதிர்த்துக் கேட்டிருக்கக்கூடிய கேள்வி நமக்குக் கிடைக்கவே இல்லை. கிடைத்த குரல்களையாவது பூசணத்துக்குக் கொடுக்காமல் இருப்போம்.