மட்டக்களப்பு வாவிக்கரையில் மரமும் மனையும்

மட்டக்களப்பு வாவிக்கரை ஊர்களின் பெயர்களைச் சற்றே செவி கொடுத்துக் கேட்பின், அங்கே குடியேறியவர்கள் வீட்டுக்கு முன்னர் மரத்தையே கண்டனர் என்பது புலப்படும். 1628 ஆம் ஆண்டிற் போர்த்துக்கேயர் கோட்டை கட்டிய இடம் புளியந்தீவு. அதற்குத் தெற்கே நாவற்குடா, தாழங்குடா. வாவிக்கு மேற்கே மகிழடித்தீவு, கொக்கட்டிச்சோலை. கொக்கட்டிச்சோலையில் மரம் ஊர்ப்பெயரோடு நிற்கவில்லை. வேடன் ஒருவன் கொக்கட்டி மரத்தை வெட்டக் குருதி பெருகிற்றென்றும், அவ்விடத்தே தோன்றிய இலிங்கமே தான்தோன்றீசுவரர் ஆயிற்றென்றும் ஐதிகம் கூறும்.

ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் இவ்வாவியின் கீழ்ப்புறம் எழுவான்கரை, மேற்புறம் படுவான்கரை. எழுவான்கரை கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணல் நிலம். நண்பகலில் அம்மணலில் வெறுங்கால் வைப்பது அரிது. ஆதலின் வளவில் நின்ற மாவும் வேம்பும் பூவரசும் வெறும் அழகுக்காக நின்றவை அல்ல. களிமண் சுவரும் கிடுகுக் கூரையும் கொண்ட பழைய வீடு மிகச் சிறியது. வலை பொத்துவதும், பன்பாய் இழைப்பதும், வந்தவரை இருத்தி வெற்றிலை கொடுப்பதும் மரநிழலிலேயே நிகழ்ந்தன. வீடு என்று சொல்லப்பட்டது, உண்மையில் வளவின் ஒரு மூலைதான்.

இந்த ஒழுங்கு குலைந்தமைக்குப் புயலையே பலரும் காரணமாகச் சொல்வர். அதனினும் அமைதியான காரணம் ஒன்று உண்டு. மட்டக்களப்பில் வீடும் வளவும் பெரும்பாலும் பெண்வழியே செல்லும் சொத்து. மூத்த மகளுக்கு மணமானதும் பெற்றோர் தாம் வாழ்ந்த வீட்டை அவளுக்குச் சீதனமாகக் கொடுத்து, அருகே வேறொரு வீடு கட்டி இளைய பிள்ளைகளோடு குடிபெயர்வது வழக்கம். அடுத்தவளுக்கு அடுத்த வீடு. ஒரு தலைமுறையில் வளவு இரண்டாகும். மறு தலைமுறையில் நான்காகும். எல்லைக் கோடு பாட்டி நட்ட மாமரத்தின் மேலேயே விழும்போது, மகளா மரமா என்னும் கேள்வி எழுகின்றது. விடை சொல்ல வேண்டியதில்லை. பெற்றோரைக் குறை கூறுவதும் முறையன்று. மகளுக்கு ஒரு கூரை வேண்டும்.

பின்னர் 1978 ஆம் ஆண்டு நவம்பர் 23 ஆம் நாள் சூறாவளி வந்தது. ஏறக்குறைய ஆயிரம் உயிர்கள் மாண்டன. மட்டக்களப்பு மாவட்டத்துத் தென்னந்தோட்டங்களில் ஏறத்தாழ 90 சதவீதம் அழிந்தது. நிழல் தந்த மரமே கூரைமேல் வீழ்ந்ததைக் கண்டவர்கள், வீட்டருகே பெருமரம் ஆகாது என்று கருதியதில் வியப்பில்லை. 2004 டிசம்பர் 26 இல் வந்த ஆழிப்பேரலைக்குப் பின்னரோ, வடக்கிலும் கிழக்கிலும் கடற்கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டுதல் ஆகாதென முதலில் அறிவிக்கப்பட்டது. மீள்குடியேற்றத்துக்கெனத் துப்புரவாக்கப்பட்ட வெளிகளில் ஒரே அளவினவாய் வீடுகள் எழுந்தன. அங்கே மரம் வீட்டுக்குப் பின்னரே வரவேண்டியதாயிற்று.

மரத்துக்கும் வானத்துக்கும் வீட்டினுள் இடம் கொடுக்கும் முயற்சி இலங்கையில் வேறோரிடத்தில் நடந்தது. 1960 முதல் 1962 வரை கொழும்பில் ஈனா டி சில்வா அம்மையாருக்காக ஜெப்ரி பாவா அமைத்த வீடு, தெருவுக்கு முதுகு காட்டி, நடுமுற்றத்தை நோக்கி நிற்பது. நம் நாற்சார் வீட்டுக்கு அது அயலன்று. 2009 அளவில் அவ்வீட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, லுனுகங்கைக்குக் கொண்டுசென்று மீள எழுப்பினர். தூணையும் ஓட்டையும் எண்ணிட்டுப் பெயர்க்கலாம். அறுபது ஆண்டு நின்ற புளியை அங்ஙனம் பெயர்த்து நடுதல் எளிதோ?

வாவிக்கரையில் இன்று புதுமனை அமைப்போர் கவனிக்க வேண்டியது வேர். அது கிளைவிரிவையும் கடந்து, பெரும்பாலும் மேல்மண்ணிலேயே பரவும். வெள்ளத்துக்கு அஞ்சி வளவை மண்ணிட்டு உயர்த்தும்போது அடிமரம் புதையுண்டால் வேர் மூச்சின்றி மடியும். இரண்டொரு ஆண்டு கழித்துப் பட்டுப்போன மரத்தைப் பார்த்து வீட்டுக்காரர் காரணம் தேடுவார். தொடர்ச்சியாக வெட்டும் அத்திவாரத்துக்குப் பதிலாகத் தூண்களின் மேல் தளம் அமைத்தால் மண்ணும் உயராது, வெள்ளமும் கீழே ஓடும், வேரும் பிழைக்கும். புயலுக்கு அஞ்சுவோர், பட்ட கிளைகளை மாரிக்கு முன் கழித்து, சாய்ந்த மரத்தை மட்டும் அகற்றலாம். வரைபடத்தில் மரத்தையும் கிணற்றையும் முதலிற் குறித்துப் பின் சுவரை வரையும் மேசன்மார் சிலரேனும் அவ்வூர்களில் உண்டாயின், இளைய மகளின் வீடு சற்றே கோணலாய் அமையும். மாமரம் அதன் முற்றத்தில் நிற்கும்.