டேங்க்: பொய்ப்பெயர் நிலைத்த கதை

பொய்ப்பெயராகச் சூட்டப்பட்டு மெய்ப்பெயராகவே நிலைத்துவிட்ட ராணுவச் சொல் 'டேங்க்'. போருக்குப் போவதற்கு வெகுகாலம் முன்பே நம் ஊரில் புழங்கிய ஆங்கிலச் சொல் அது. ஏரி, குளம், கோயில் தெப்பக்குளம் எல்லாமே வெள்ளைக்காரர் ஆவணங்களில் 'டேங்க்'தான். நுங்கம்பாக்கத்தின் டேங்க் பண்ட் ரோடு அந்த வழக்கின் மிச்சம். சொல்லின் வேர் குஜராத்தி என்பார் சிலர், போர்த்துகீசியம் என்பார் சிலர். எதுவானாலும் பொருள் தண்ணீர் தேங்கும் இடம்.

முதல் உலகப் போரில் பதுங்குகுழியும் முள்கம்பியும் இயந்திரத் துப்பாக்கியும் படைகளை நகரவிடாமல் முடக்கின. கம்பியை நசுக்கிக் குழியைத் தாண்டும் கவச வண்டி செய்ய, 1915-இல் பிரிட்டிஷ் கடற்படைத் துறை ஒரு குழுவை அமைத்தது. வண்டிக்கு வைத்த பெயர் 'தரைக்கப்பல்'. ரகசியத்தைப் பெயரே போட்டு உடைத்துவிடும் என்பதால், லிங்கன் நகரத் தொழிற்சாலையில் உருவான அந்த இரும்புக் கூட்டைத் தண்ணீர் வண்டி என்று சொல்லிவைத்தார்கள். ஆனால் 'வாட்டர் கேரியர்' என்பதன் முதலெழுத்துகள் கழிப்பறையைக் குறிக்கும்! கடைசியில் அந்த டிசம்பரில் 'டேங்க்' தேர்வானது. தேர்வில் பங்குகொண்ட ராணுவ அதிகாரி எர்னஸ்ட் ஸ்விண்டன் பிறந்தது பெங்களூரில்.

1916 செப்டம்பர் 15 அன்று பிரான்சின் சொம் போர்க்களத்தில் அது முதன்முதலாக இறங்கியது. எடை சுமார் 28 டன், உள்ளே எட்டுப் பேர், வேகமோ ஆள் நடக்கிற வேகம். எஞ்சினுக்கும் ஆட்களுக்கும் நடுவே தடுப்பே இல்லை. அனலும் புகையும் முகத்தில் அடிக்கும். இரைச்சலில் பேச்சு எடுபடாததால், ஓட்டுநர் எஞ்சின் மூடியைத் தட்டித்தான் பின்னால் இருப்பவர்களுக்குக் கியர் மாற்றச் சைகை காட்டுவார். ரகசியம் வெளியான பிறகும் யாரும் பழைய பெயருக்குத் திரும்பவில்லை.

ஆங்கிலத்தில் சொல் இன்னும் கிளைத்தது. ஆலோசனைக் குழு 'திங்க் டேங்க்' ஆனது. தமிழிலோ நீர்ப்பொருளே கோலோச்சுகிறது. "டேங்க் வழியுது, மோட்டாரை நிறுத்து" என்றால் யாரும் போரை நினைப்பதில்லை. பெட்ரோல் பங்க்கில் "டேங்க் ஃபுல்", தெருவில் டேங்கர் லாரி. ஈழத்தமிழர் 'தண்ணீர்த் தாங்கி' என்று அதைத் தமிழாகவே ஆக்கிக்கொண்டார்கள். போர் வண்டி தயாரிக்கும் ஆவடியே சென்னையை ஒட்டி இருந்தும், அந்தப் பொருளைச் சொல்ல நமக்கு 'ராணுவ', 'பீரங்கி' என்று ஓர் அடைமொழி தேவைப்படுகிறது. அடைமொழியில்லாத வெறும் டேங்க், இங்கே தண்ணீருக்கே சொந்தம்.