கீழூர் நினைவிடம்: 178 பேர் வாக்களித்த ஊர்

புதுச்சேரியின் விடுதலை வரலாற்றைத் தேடி வருவோர் பெரும்பாலும் கடற்கரைச் சாலையோடு நின்றுவிடுகிறார்கள். அங்கே காந்தி சிலை இருக்கிறது. அதன் அருகே முதல் உலகப் போரில் பிரான்சுக்காக உயிர்நீத்த வீரர்களின் நினைவுச்சின்னமும் இருக்கிறது. ஆனால் பிரெஞ்சிந்தியப் பகுதிகள் இந்தியாவோடு இணைவது என்று முடிவான இடம் நகரத்தில் இல்லை. மேற்கே வில்லியனூரைத் தாண்டி, வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்த கீழூர் என்னும் சிற்றூரில் இருக்கிறது.

1954 அக்டோபர் 18 அன்று, பிரெஞ்சிந்தியாவின் சட்டமன்ற உறுப்பினர்களும் நகராட்சி மன்ற உறுப்பினர்களுமாக 178 பேர் இவ்வூரில் கூடினார்கள். இந்தியாவோடு இணையலாமா என்பதே அவர்கள் முன் இருந்த கேள்வி. 170 பேர் இணைப்புக்கு ஆதரவாகவும் 8 பேர் எதிராகவும் வாக்களித்தனர். மூன்று நாள் கழித்து, அக்டோபர் 21 அன்று, இந்திய அரசும் பிரெஞ்சு அரசும் தில்லியில் உடன்படிக்கை செய்துகொண்டன. நவம்பர் 1 அன்று ஆட்சிப் பொறுப்பு இந்தியாவின் கைக்கு வந்தது. கீழூர் நினைவிடம் அந்த வாக்கெடுப்பின் நினைவாக எழுந்தது.

உலகில் விடுதலை நினைவுச்சின்னங்கள் பெரும்பாலும் இறந்தவர்களுக்காக எழுப்பப்பட்டவை. அயர்லாந்தின் சிற்றூர்களில்கூட 1916 எழுச்சியிலும் அதன் பின் வந்த விடுதலைப் போரிலும் சுடப்பட்டவர்களின் பெயர் பொறித்த கற்களைக் காணலாம். கீழூர் அப்படிப்பட்ட இடமன்று. அங்கே துப்பாக்கி வெடிக்கவில்லை, யாரும் சாகவில்லை. எண்ணிப் பார்த்த வாக்குகளுக்கு ஒரு நினைவிடம் என்பதே இதன் தனித்தன்மை. அயர்லாந்திலும் ஒரு வாக்கெடுப்பு உண்டு. பிரிட்டனோடு செய்த ஒப்பந்தத்தை 1922 சனவரி 7 அன்று அந்நாட்டு மக்களவை 64க்கு 57 என்ற கணக்கில் ஏற்றது. தோற்ற தரப்பு அதை ஒப்புக்கொள்ளவில்லை. ஆறு மாதத்துக்குள் உள்நாட்டுப் போர் மூண்டது. கீழூரில் எதிர்த்து வாக்களித்தவர்கள் எட்டே பேர். முடிவுக்குப் பின் ஆயுதம் எடுக்க யாரும் முன்வரவில்லை.

கேட்கப்படாத கிராமங்கள்

இங்கு ஒரு கேள்வி எழுகிறது. வாக்களித்தது மக்களா, மக்களின் பிரதிநிதிகளா?

வில்லியனூரும் பாகூரும் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த கதையைத் தெரிந்துகொண்டால்தான் இக்கேள்வியின் கனம் புரியும். 1749-50 காலத்தில், கர்நாடக நவாப் பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிப் தனக்குத் துணைநின்ற துய்ப்ளேக்சின் கும்பினிக்கு இப்பகுதிகளைக் கொடுத்தார். உழுது வரி கட்டிய குடியானவர்களை யாரும் கேட்கவில்லை. அதன் பின் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் இக்கிராமங்களை மாறி மாறிப் பிடித்தார்கள், திருப்பிக் கொடுத்தார்கள். பாகூர் 1752இல் போர்க்களமாகவே ஆனது. நெப்போலியன் வீழ்ந்த பிறகு, 1816இல், கடைசியாக இவை பிரான்சுக்குத் திரும்பின. அப்போதும் ஐரோப்பாவில் எழுதப்பட்ட ஒப்பந்தமே எல்லையை முடிவு செய்தது.

அந்த எல்லையின் கோணல் இன்றும் கண்ணுக்குத் தெரிகிறது. புதுச்சேரி மாநிலம் ஒரே நிலப்பரப்பாக இல்லை. நகரத்திலிருந்து நெட்டப்பாக்கம் போகிறவர் வழியில் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து வெளியேறித்தான் போக வேண்டும். இப்போது அது பேருந்தில் போகிறவருக்குத் தெரியாமலே நடக்கிறது. 1949இல் சுங்க ஒப்பந்தம் முடிந்து எல்லையில் இந்தியச் சுங்கச் சாவடிகள் வந்தபோது நிலைமை வேறு. அடுத்த ஊர்ச் சந்தைக்குப் போவது நாட்டு எல்லையைக் கடக்கும் செயலாகிவிட்டது. இணைப்புக் கோரிக்கைக்குக் கிராமப்புறத்தில் வலுச் சேர்த்ததில் இந்த அன்றாடத் தொல்லைக்கும் பங்கு உண்டு என்றே கருத வேண்டும்.

1948 சூனில் இந்தியாவும் பிரான்சும் மக்களின் விருப்பத்தைக் கேட்டே முடிவெடுப்பது என்று ஒத்துக்கொண்டன. வங்காளத்தில் இருந்த சந்திரநாகூரில் அது அப்படியே நடந்தது. 1949 சூன் 19 அன்று அங்கு மக்கள் நேரடியாக வாக்களித்தார்கள். இணைப்புக்கு ஆதரவாக 7,473 வாக்குகளும் எதிராக 114 வாக்குகளும் விழுந்தன. புதுச்சேரியிலோ அதற்கு முன்னோடியாக நடந்த 1948 நகராட்சித் தேர்தலிலேயே முறைகேடு, அடியாள் அட்டகாசம் என்று புகார் எழுந்தது. பொது வாக்கெடுப்பு தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. இறுதியில் மக்களுக்குப் பதிலாக மன்ற உறுப்பினர்கள் வாக்களிப்பது என்ற வழி ஏற்கப்பட்டது.

அதற்கு முன்பே கிராமங்கள் முந்திக்கொண்டன. 1954 மார்ச் மாதத்தில் கொம்யூன் மன்றங்கள் இணைப்புத் தீர்மானம் போடத் தொடங்கின. மார்ச் 31 அன்று நெட்டப்பாக்கத்தில் இந்தியக் கொடி ஏறியது. அங்கு முன்னின்றவர் எதுவார் குபேர். அதுவரை பிரெஞ்சிந்திய சோசலிசக் கட்சியின் தலைவராகப் பிரான்சின் பக்கம் நின்றவர் அவர். கடைசி நேரத்தில் அணி மாறினார். இன்று கடற்கரைச் சாலையும் பெரிய மார்க்கெட்டும் அவர் பெயரைத் தாங்குகின்றன. 1936 சூலை 30 அன்று எட்டு மணி நேர வேலை கேட்டுப் போராடி, பிரெஞ்சுப் படையின் துப்பாக்கிச் சூட்டில் மடிந்த 12 ஆலைத் தொழிலாளர்களின் பெயரைச் சொல்லச் சொன்னால் நம்மில் எத்தனை பேர் சொல்வோம்? அவர்களைத் திரட்டிய வ. சுப்பையா போன்றோர் இருபது ஆண்டு சுமந்த சுமையின் மேல்தான் அந்த 170 வாக்குகள் விழுந்தன. கீழூரில் நிற்கும்போது முதலியார்பேட்டையையும் சேர்த்து நினைக்காவிட்டால் வரலாறு பாதியாகிவிடும்.

எது விடுதலை நாள்?

கீழூர் முடிவு உடனே சட்டமாகவில்லை. 1954 நவம்பர் 1இல் நடந்தது நடைமுறை மாற்றம் மட்டுமே. பிரெஞ்சு அரசின் சார்பில் பியேர் லாந்தி பொறுப்பை ஒப்படைக்க, இந்தியாவின் சார்பில் கேவல் சிங் பெற்றுக்கொண்டார். ஒப்பந்தம் 1956 மே 28 அன்று கையெழுத்தானது. பிரெஞ்சு நாடாளுமன்றம் அதை ஏற்க மேலும் ஆறு ஆண்டு ஆயிற்று. அல்சீரியப் போர் நடந்துகொண்டிருக்கையில் இன்னொரு பகுதியை விட்டுக்கொடுக்கும் தீர்மானத்தை எடுக்கப் பாரிசில் எந்த அரசுக்கும் துணிவு வரவில்லை. அல்சீரியா விடுதலை பெற்ற பிறகே காரியம் நகர்ந்தது. 1962 ஆகஸ்ட் 16 அன்று ஏற்புப் பத்திரங்கள் பரிமாறிக்கொள்ளப்பட்டன.

இதனால் புதுச்சேரிக்கு ஆகஸ்ட் 15 தவிர மேலும் இரு நாட்கள் உண்டு. ஆகஸ்ட் 16 சட்டப்பூர்வப் பரிமாற்ற நாள். அன்று கீழூரில் கொடியேற்றி, நினைவுத்தூணுக்கு மரியாதை செலுத்துவார்கள். நவம்பர் 1, 2014 முதல் விடுதலை நாளாக அரசு விழாவாகக் கொண்டாடப்படுகிறது. இவற்றில் எது உண்மையான விடுதலை நாள் என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. வாக்களித்த நாளான அக்டோபர் 18க்கோ அந்த வாதத்தில் இடமே இல்லை. என் பார்வையில் மூன்றிலும் மூத்தது அதுதான்.

1956 ஒப்பந்தத்தில் இன்னொரு விதியும் இருந்தது. இப்பகுதியில் பிறந்து இங்கேயே வாழ்ந்தவர்கள் பொதுவாக இந்தியக் குடிமக்களாவார்கள். பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புவோர் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். 178 பேர் ஊருக்காக எடுத்த முடிவை, இம்முறை ஒவ்வொருவரும் தமக்காகத் தனியே எடுக்க வேண்டியிருந்தது. பெரும்பாலோர் எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை. எழுதிக் கொடுத்தவர்களிலும், பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வூதியம் பெற்ற 'சொல்தா' குடும்பங்களிலும் வழிவழியாக வந்தவர்கள் இன்றும் புதுச்சேரிப் பகுதியில் வாழ்கிறார்கள். பிரான்சில் குடியரசுத் தலைவர் தேர்தல் வந்தால், அவர்களுக்காகப் புதுச்சேரியிலேயே வாக்குச்சாவடி திறக்கிறார்கள்.