குற்றாலத்தில் கிடைக்காத பேட்டி

ஜப்பானியர் ஆடும் 'மாஜாங்' என்று ஓர் ஆட்டம் உண்டு. நம் சீட்டாட்டத்துக்குச் சித்தப்பா பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். சீட்டுக்குப் பதில் காய்கள். கையில் சேர வேண்டியது சேராமலே 'ஜெயித்தேன்' என்று காய்களைக் கவிழ்த்துக் காட்டுகிறவனுக்கு அபராதம் போடுவார்கள். ஆனால் பல இடங்களில் அபராதம் கட்டியதும் அந்தச் சுற்றே செல்லாமல் போய்விடும். மறுபடி கலைத்து அடுக்குவார்கள். எதிராளி கையில் பிரம்மாண்டமான வெற்றி திரண்டு வருகிறது என்று மோப்பம் பிடித்த கெட்டிக்காரன், வேண்டுமென்றே தப்பாட்டம் ஆடி, சின்ன அபராதத்தைக் கட்டி, பெரிய நஷ்டத்திலிருந்து தப்பலாம். யோக்கியமான ஆட்டமா என்று என்னைக் கேட்காதீர்கள்.

இந்த வித்தையைக் கேள்விப்பட்டபோது என் மனம் ஜப்பானுக்குப் போகவில்லை, குற்றாலத்துக்குத்தான் போயிற்று.

தென்காசி ஸ்டேஷனில் இறங்கிச் சாரல் முகத்தில் அடிக்கக் குற்றாலம் போகிற நாம் எல்லோரும் அருவியில் தலையைக் கொடுக்கத்தான் போகிறோம். 1798-ஆம் ஆண்டு அதே சாரல் காலத்தில், குளிக்கும் எண்ணம் சிறிதும் இல்லாமல் ஒருவர் அங்கே வந்தார். பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர் வீரபாண்டிய கட்டபொம்மன்.

கும்பெனிக்கு அவர் கொடுக்க வேண்டிய கிஸ்தி பாக்கி 3310 பகோடா. (தின்கிற பகோடா அல்ல, அந்நாளைய பொன் நாணயம்.) கலெக்டர் ஜாக்ஸன், ராமநாதபுரத்துக்கு வந்து தம்மைப் பார்க்கும்படி ஆகஸ்டு 18-ந் தேதி ஓலை அனுப்பினார். ஆனால் துரை முகாம் போட்டிருந்ததோ குற்றாலத்தில்! ஓலை கிழக்கே கூப்பிடுகிறது. துரை மேற்கே மலையடிவாரத்தில் இருக்கிறார். கட்டபொம்மன் மேற்கே புறப்பட்டார். துரை பேட்டி கொடுக்க மறுத்தார்.

வேறொரு பாளையக்காரராயிருந்தால் அங்கேயே மீசையை முறுக்கிக்கொண்டு ஊர் திரும்பியிருப்பார். இவர் பின்தொடர்ந்தார். சொக்கம்பட்டி, சிவகிரி, சேத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர், பேரையூர், பாவாலி, பள்ளிமடை, கமுதி என்று துரை போன இடமெல்லாம் போனார். ஊருக்கு ஊர் பேட்டி இல்லை. இருபத்து மூன்று நாள், நானூறு மைல்! கடைசியில் செப்டம்பர் 10-ந் தேதி ராமநாதபுரத்தில், ராமலிங்க விலாசம் அரண்மனையில் சந்திப்பு நடந்தது. அங்கேயும் உட்கார ஆசனம் இல்லை. கட்டபொம்மனும் அவருடைய மந்திரி சிவசுப்பிரமணிய பிள்ளையும் மூன்று மணி நேரம் நின்றார்கள்.

1959-இல் வந்த திரைப்படத்தில் இந்தச் சந்திப்பைப் பார்த்துக் கை தட்டாத தமிழர் குறைவு. 'வரியா? உனக்கா?' என்ற தோரணையில்தான் நமக்கு அது பழக்கம். உண்மையில் கணக்கைப் புரட்டியபோது பாக்கியில் பெரும் பகுதி ஏற்கெனவே கட்டப்பட்டிருந்தது. மிச்சம் 1080 பகோடாதான்! அந்த மனிதரைத்தான் துரை இத்தனை நாள் அலைக்கழித்தார்.

இது வெறும் பொறுமை என்று நான் நினைக்கவில்லை. ஆள்பரிவாரத்தோடு வந்த பாளையக்காரர், எந்த ஊரிலும் திரும்பிப் போக முடிந்தவர். திரும்பியிருந்தால் 'அழைத்தும் வராத கலகக்காரன்' என்று ஒரே வரியில் எழுதிப் படையை அனுப்பியிருப்பார்கள். அந்தப் பெரிய நஷ்டத்தைத் தவிர்க்கவே அவமானம் என்ற அபராதத்தைத் தவணை தவணையாகக் கட்டினார் என்பது என் எண்ணம். தப்பாட்டம் ஆடியவர் துரைதான்.

அரண்மனையில் கைது செய்யப் பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் கைகலப்பு மூண்டது. தம்பி ஊமைத்துரை துணை நின்றார். லெப்டினன்ட் கிளார்க் மாண்டார். கட்டபொம்மன் தப்பினார், பிள்ளை பிடிபட்டார். வெள்ளைக்கார அதிகாரி செத்த பிறகு வழக்கு யார் பக்கம் சாயும் என்று நினைக்கிறீர்கள்? கட்டபொம்மன் சென்னைக்கு முறையிட்டார். கவர்னர் எட்வர்டு கிளைவ் ஜாக்ஸனை வேலையிலிருந்து நிறுத்தி, பிள்ளையை விடுவித்து, பிரௌன், ஓரம், காஸமேஜர் என்ற மூவரை விசாரிக்க வைத்தார். டிசம்பர் 15-ந் தேதி கட்டபொம்மன் அவர்கள் முன் நடந்ததைச் சொன்னார். குற்றமற்றவர் என்று தீர்ப்பாயிற்று. ஜாக்ஸன் உத்தியோகம் போயிற்று. அந்த நானூறு மைலும் சாட்சி சொல்லியிருக்க வேண்டும்.

கும்பெனியின் நியாய உணர்ச்சியை நான் அளவுக்கு மீறிப் புகழ மாட்டேன். அப்போது மைசூரில் திப்பு சுல்தான் உயிரோடிருந்தார். தெற்கே இன்னொரு சண்டையை எந்தக் கவர்னர் விரும்புவார்? 1799 மே 4-ந் தேதி ஸ்ரீரங்கபட்டணம் விழுந்தது. கும்பெனிக்குக் கை ஒழிந்தது. இதற்கிடையில் கட்டபொம்மன், கும்பெனிக்குக் கப்பம் கட்டிவந்த சிவகிரி மீது ஆட்களை நடத்தியதும் சேர்ந்துகொண்டது.

புதுக் கலெக்டர் லஷிங்டனும் 1799 மார்ச்சில் வந்து பார்க்கச் சொல்லி எழுதினார். கட்டபொம்மன் இந்தத் தடவை நடக்கவில்லை. மழை பொய்த்ததால் கிஸ்தி தாமதம் என்றும், ராமநாதபுரத்தில் தம்மிடம் கொள்ளை போனதைத் திருப்பித் தரவேண்டும் என்றும் பதில் எழுதினார். செப்டம்பர் 4-ந் தேதி பாளையங்கோட்டைக்கு வரும்படி மேஜர் பானர்மன் கெடு வைத்தார். அதற்கும் போகவில்லை. மறுநாள் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை வாசலில் பீரங்கி நின்றது. அக்டோபர் 16-ந் தேதி, மற்றப் பாளையக்காரர்களை வரவழைத்து நிறுத்தி, அவர்கள் கண்ணெதிரே கயத்தாற்றில் அவரைத் தூக்கிலிட்டார்கள்.